‘பேபி டிரைவர்’: முதல் பாதியைக் கொண்டாடலாம், மீதியை என்ன செய்வது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். எட்கர் ரைட் இயக்கி 2017-இல் வெளிவந்த ‘பேபி டிரைவர்’ படத்தை நண்பர்களோடு சேர்ந்து பார்த்திருக்கிறார். தொடக்கத்தில் யாரும் கைபேசியைக்கூடத் தொடவில்லையாம். கடைசி அரை மணி நேரத்தில் ஒருவர் தூங்கியே போய்விட்டாராம். கொள்ளையும் கார் துரத்தலும் கலந்த படங்களில் இதுதான் தலைசிறந்தது என்று ஒரு நண்பர் அடித்துப் பேசுகிறார். பாட்டுக் காட்சிகளை ஒன்றோடொன்று ஒட்டி, அதற்குப் படம் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். தம்பிக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. அவர் கேட்பவை மூன்று. ஏன் இப்படிப் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் போகிறது? அந்தக் கார் ஓட்டமெல்லாம் உண்மையா, அப்படி ஓட்டித் தப்பிக்க முடியுமா? முடிவு ஏன் அவ்வளவு சப்பென்று இருக்கிறது?

நான் கிருஷ்ணகிரியில் கனரக வாகன ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். பிழைப்பு அது. துரத்தல் படங்களைத் தேடிப் பார்ப்பது பழைய பித்து. இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. கதையை முழுவதும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதல் கேள்விக்கான விடை படம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 2003-இல் ரைட் ‘மின்ட் ராயல்’ என்ற இசைக் குழுவின் பாட்டு ஒன்றுக்கு வீடியோ எடுத்தார். கூட்டாளிகள் வங்கிக்குள் கொள்ளையடிக்கப் போகிறார்கள். காரில் காத்திருக்கும் ஓட்டுநர் பாட்டைப் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஆடித் தீர்க்கிறார். பாட்டு முடியும்போது அவர்கள் திரும்பி வருகிறார்கள். அவ்வளவுதான். கொள்ளையைக் காட்டாமல், கொள்ளைக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டுவது. அருமையான யோசனை, ஆனால் ஒரு பாட்டின் நீளத்துக்கே உரிய யோசனை. அதை 113 நிமிடப் படமாக விரித்தால் எங்காவது சாயம் வெளுக்கத்தானே செய்யும்? இந்தப் படத்தில் அது வெளுக்கும் இடத்தை ஏறத்தாழ விரல் வைத்தே காட்டலாம். அதற்கு முன்னால், வெளுக்காத பகுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது சாதாரண வேலை இல்லை.

கதை எளிது. அட்லாண்டா நகரத்தில் பேபி என்ற இளைஞன் கொள்ளைக் கும்பலுக்குத் தப்பிக்கும் வண்டி ஓட்டுகிறான். எப்போதோ தெரியாமல் ஒரு பெரிய புள்ளியின் காரைத் திருடிவிட்டான். அந்தக் கடனை அடைப்பதற்காக ஓட்டுகிறான். சிறு வயதில் ஒரு கார் விபத்தில் பெற்றோர் இறந்துபோனார்கள். அந்த விபத்திலிருந்து அவன் காதில் ஓயாத இரைச்சல். அதை அமுக்குவதற்காக எந்நேரமும் இயர்போனில் பாட்டு. உணவகத்தில் வேலை செய்யும் டெபோரா மீது காதல். கடைசியாக ஒரே ஒரு வேலை, பிறகு விடுதலை என்று நம்புகிறான். இந்த வகைப் படங்களில் அந்தக் கடைசி வேலை யாரை விட்டிருக்கிறது?

படம் தொடங்கும்போது சிவப்பு நிற சுபாரு கார் ஒன்று வங்கிக்கு எதிரே நிற்கிறது. மூன்று பேர் இறங்கிப் போகிறார்கள். நாம் அவர்களோடு உள்ளே போவதில்லை. காருக்குள் பேபி வாயசைத்துப் பாடுகிறான், ஸ்டீயரிங்கில் தாளம் போடுகிறான், பாட்டின் தட்டுக்கு ஏற்ப வைப்பரை ஓடவிடுகிறான். வைப்பர் தாளம் பிடிக்கிறது என்பதைக் கவனிக்கும் நொடியில் படத்தின் சட்டம் நமக்குப் புரிந்துவிடுகிறது: இங்கே கண்ணுக்குத் தெரிவதெல்லாம் காதில் விழுவதற்குக் கட்டுப்பட்டது. கொள்ளையர்கள் ஓடி வந்து ஏறுகிறார்கள். கார் பின்னோக்கிச் சீறி, பின்புறம் வீசித் திரும்பி, குறுகிய சந்து ஒன்றுக்குள் பக்கவாட்டில் சறுக்கியபடி நுழைந்து வெளியேறுகிறது. போலீஸ் சாலையில் விரித்த முள்பட்டையைப் பின்சக்கரத்தாலேயே தட்டி, துரத்தி வருகிற காரின் அடியில் தள்ளிவிடுகிறான். நெடுஞ்சாலையில் ஏறினால் அதே நிறத்தில் இன்னும் இரண்டு கார்கள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நுழைந்து, மேம்பாலத்துக்கு அடியில் மறையும் நேரத்தில் இடம் மாறிக்கொள்கிறான். மேலே ஹெலிகாப்டரில் இருப்பவர்களுக்கு எது எது என்று தெரியவில்லை. பாலத்தைத் தாண்டியதும் அவர்கள் துரத்துவது வேறு காரை.

வேகத்தைவிட இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது தெளிவு. கார் எங்கே இருக்கிறது, போலீஸ் எங்கே இருக்கிறது, அடுத்து வருவது எந்தத் திருப்பம் என்பது ஒரு கணம்கூடக் குழம்புவதில்லை. மோசமான துரத்தல் காட்சியில் கேமரா குலுங்கும், டயர் கிறீச்சிடும், முகம் தெரியும், கியரில் கை தெரியும். ஆனால் வண்டி எந்தத் தெருவில் போகிறது என்பது இயக்குநருக்கே தெரியாது. இங்கே வரைபடம் போட்டுக் காட்டியது போன்ற துல்லியம். பாட்டுகளை முன்கூட்டியே முடிவு செய்து, அவற்றுக்கு ஏற்பக் காட்சிகளை எழுதி, நடிகர்களின் அசைவைத் தாளத்தில் பழக்கி எடுத்திருக்கிறார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு இசையைத் தூவிய வேலை இல்லை. பால் மக்லிஸ், ஜோனதன் ஏமோஸ் இருவரின் படத்தொகுப்புக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. ஆஸ்காரில் படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை என்று மூன்று பரிந்துரைகள். திரைக்கதைக்கோ நடிப்புக்கோ ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். உங்கள் நண்பர்கள் இருவரின் சண்டையும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

துரத்தலுக்குப் பாட்டு தேவையா என்பது பழைய விவாதம். 1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் நடக்கும் அந்தப் புகழ்பெற்ற துரத்தலை இன்றைக்கும் போட்டுப் பாருங்கள். பதுங்கிப் பின்தொடரும் வரை லாலோ ஷிஃப்ரினின் இசை கூடவே வரும். எதிரி கார் சீறிப் பாயும் கணத்தில் இசை நின்றுவிடும். அதன் பிறகு வெறும் என்ஜின் சத்தம், டயர் சத்தம், கியர் மாறும் சத்தம். வண்டி மேட்டில் ஏறிக் கீழே விழும்போது அதன் கனம் நம் இடுப்பில் இறங்கும். ரைட் அதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறார்: கனத்தை எடுத்துவிட்டுத் தாளத்தை வைக்கிறார். கார் ஆடுகிறது. ஆடும் வரை அதற்கு எடை இல்லை, எடை இல்லாத வரை யாருக்கும் அடிபடுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது கேள்வி: அந்த ஓட்டம் உண்மையா?

பெரும்பகுதி உண்மையான கார்களை உண்மையான சாலையில் தேர்ந்த சாகச ஓட்டுநர்கள் ஓட்டி எடுத்ததுதான். கணினியில் வரைந்த கார்கள் வானத்தில் பறக்கும் காலத்தில் அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஷோரூமில் வாங்கிய அதே காரில் அந்தத் திருப்பம் வராது. அந்தச் சுபாரு கார் நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகிற வகை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பின்பக்கத்தை வீச வேண்டுமானால் பின்சக்கரம் இரண்டும் தனியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் வண்டியில் அது லேசில் நடக்காது. அதனால் படத்துக்காக ஒரு காரைப் பின்சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகும்படி மாற்றியமைத்தார்கள். ஆகவே, நண்பர்கள் யாராவது மைதானத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தில் இழுப்பவை. பின்பக்கம் வீசிவிட்டால் அதைத் திரும்ப நேராக்குவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அது இல்லாதவர் கையில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

படம் காட்டாமல் விடுவது பிரேக்கின் சூட்டை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குக் கரைக்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாகி பிரேக்கில்தான் இறங்கும். இதைத் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிற லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். என்ஜினின் பிடிப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக் மீது விழும், லைனிங் தீயும், வாடை வரும், அதன் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து முன்னால் நின்ற ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். நான் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது, எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பதைத்தான். பேபி எந்தக் காட்சியிலும் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவன் ஓட்டுவது பாட்டை, அதனால் அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனாலும் நாள் முழுவதும் வண்டியின் எடையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்தப் படத்தை ஒரு இடைவெளியோடுதான் பார்ப்பார்கள். என்னிடம் பயின்ற ஓட்டுநர் ஒருவருக்குக் கைபேசியில் அந்தத் தொடக்கக் காட்சியைக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, டயர் யார் செலவு என்று கேட்டார்.

அப்படி ஓட்டித் தப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் ஓசூரில் நகை அடமான நிறுவனம் ஒன்றில் பட்டப்பகலில் புகுந்த ஆயுதக் கும்பல், ஏறத்தாழ 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. மாநில எல்லை கூப்பிடு தூரம், நெடுஞ்சாலை கையெட்டும் தூரம். ஆனால் ஒரு நாளுக்குள் ஹைதராபாத் அருகே பிடிபட்டார்கள், தங்கமும் மீட்கப்பட்டது. காட்டிக்கொடுத்தது நகைகளோடு இருந்த ஜி.பி.எஸ். கருவி. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ன, எத்தனை வண்டி மாற்றினால் என்ன, பைக்குள் இருப்பது தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கிளம்பலாம். திரைக்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. ஆனால் நிஜத்தில் திரும்பிய பக்கமெல்லாம் சுங்கச்சாவடி, அதில் கேமரா. தப்பிக்கும் ஓட்டுநர் என்ற பாத்திரமே இன்று ஒரு பழைய கனவு. அதனால்தான் என்னவோ, பேபியின் கையில் பழைய ஐபாடையும் பாட்டுக் கேசட்டையும் கொடுத்து வைத்திருக்கிறார் ரைட்.

இனி உறுத்தலுக்கு வருகிறேன்.

இரண்டாவது கொள்ளையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. பணம் கொண்டுபோகும் கவச வண்டியை மடக்க இறங்கப் போகிறார்கள். முகமூடிக் குழப்பத்தில் பேச்சு இழுத்துவிட்டது, பாட்டு பாதி ஓடிவிட்டது. பேபி எல்லோரையும் நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு போகச் சொல்கிறான். சிரிப்பு வருகிறது. ஆனால் அங்கேயே ஒரு விரிசலும் தெரிகிறது. உலகம் அவன் பாட்டுக்கு ஒத்துவரவில்லை. அவன்தான் உலகத்தை நிறுத்திப் பாட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அதே துரத்தலில், பறித்துக்கொண்டு போகிற காரின் பின்னிருக்கையில் ஒரு குழந்தை இருக்கிறது. பேபி அதை எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறான். காரைப் பறித்தவன் அவன், நல்லவனும் அவன். படம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நம்மிடம் நீட்டுகிறது.

பிறகு ஆயுதம் வாங்கப் போகிற இடத்தில் துப்பாக்கிச் சூடு. ஒவ்வொரு குண்டும் பாட்டின் தட்டில் விழுகிறது. வேலைப்பாடு அதேதான், குறையே சொல்ல முடியாது. ஆனால் கார் சந்தில் திரும்பும்போது தாளம் கொடுத்த மகிழ்ச்சியை, ஆட்கள் சுருண்டு விழும்போது அதே தாளம் கொடுக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் உடம்பு நிமிர்ந்தது. கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஆடு என்றால் எப்படி?

அடுத்தது அஞ்சலகக் கொள்ளை. ஜேமி ஃபாக்ஸ் நடிக்கும் பேட்ஸ் என்ற பாத்திரம் காவலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்து காரில் ஏறுகிறது. போ என்கிறார்கள். பேபி நகரவில்லை. எதிரே கட்டுமானக் கம்பி ஏற்றிய வண்டி நிற்கிறது. சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்து நேராக அதில் மோதுகிறான். கம்பி கண்ணாடியைத் துளைத்து பேட்ஸின் நெஞ்சில் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் சிவப்புத் துணி கட்டிய கம்பி பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, அந்த லாரியைத் தொட்டுக்கொண்டு இரவில் ஓட்டிய எவருக்கும் இந்தக் காட்சி சினிமாவாகப் படாது. படத்தில் முதன்முறையாகக் காருக்கு எடை வருகிறது. அதுவரை ஆடிக்கொண்டிருந்த பொருள் இப்போது கொல்கிறது. ரைட் தெரிந்தேதான் செய்திருக்கிறார், சந்தேகமே இல்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று நினைத்தவனை வெளியே இழுத்துப் போடுகிறார். யோசனையாகப் பார்த்தால் இது பெரிய துணிச்சல்.

சிக்கல், துணிச்சலுக்குப் பிறகு வருவது. எடை வந்துவிட்ட படத்துக்கு அந்த எடையைத் தாங்கும் மனிதர்கள் வேண்டும். இந்தப் படத்தில் அவர்கள் இல்லை. டெபோராவை எடுத்துக்கொள்ளுங்கள். லில்லி ஜேம்ஸ் கண்ணிலேயே ஒரு உயிரைக் கொண்டுவந்துவிடுகிறார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்? நல்ல காரில், நல்ல பாட்டோடு, எங்காவது போக வேண்டும். அதைத் தவிர எழுதியவர் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. கொள்ளைக்காரனோடு ஓடிப்போகலாமா என்று அவள் ஒரு இரவாவது யோசித்திருக்க வேண்டாமா? கும்பலின் தலைவன் டாக் அதைவிட மோசம். படம் முழுக்கப் பேபியையும் அவனுக்கு வேண்டியவர்களையும் மிரட்டியவர், கடைசியில் தானும் ஒரு காலத்தில் காதலித்தவன் என்று சொல்லிவிட்டு அவனுக்காக உயிரைக் கொடுக்கிறார். ஒரு வசனத்தில் மனிதன் மாறிவிடுகிறான். நம் ஊர்ப் படங்களில் கிளைமாக்ஸில் வில்லன் திருந்தினால் விசிலடித்துக் கிண்டல் செய்கிறவர்கள், ஆங்கிலத்தில் திருந்தினால் மட்டும் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

விதிவிலக்கு ஒருவர்: பேபியை வளர்த்த ஜோசஃப். காது கேளாத முதியவர். நடித்த சி.ஜே. ஜோன்ஸும் நிஜத்தில் காது கேளாதவர். அவரும் பேபியும் சைகையில் பேசிக்கொள்கிறார்கள். பேபி பாட்டுப் போட்டு ஆடும்போது பெரியவர் ஒலிபெருக்கி மீது கையை வைத்து அதிர்வைக் கேட்கிறார். ஒருவனுக்குக் காதில் ஓயாத சத்தம், இன்னொருவருக்குச் சத்தமே இல்லை. இருவருக்கும் நடுவே ஒரே பாட்டு. இந்த வீட்டுக்குள் இன்னும் இருபது நிமிடம் படம் இருந்திருந்தால், பின்பாதியில் நாம் கவலைப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பார்.

கும்பலில் ஜான் ஹாம் நடிக்கும் ‘படி’ (Buddy) என்ற பாத்திரம் தொடக்கத்தில் பேபியிடம் அன்பாக இருப்பவன், அவனோடு ஒரு இயர்போனைப் பகிர்ந்து பாட்டுக் கேட்டவன். மனைவி சுட்டுக் கொல்லப்பட்டதும் பழிவாங்கும் பேயாக மாறுகிறான். மாறுவதில் தப்பில்லை. ஆனால் அதன் பிறகு அவன் சாகவே மாட்டேன் என்கிறான். கார் நிறுத்தும் கட்டடத்தில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும் கடைசி மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் காட்சியில் இருந்த தெளிவு இங்கே இல்லை. எந்தத் தளம், எந்தப் பக்கம், யார் எதற்காகப் பின்வாங்குகிறார்கள் என்பதெல்லாம் புகையிலும் சிவப்பு விளக்கிலும் கரைந்துபோகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகுக்கு இப்போது காரணம் இல்லை. உங்கள் நண்பர் தூங்கிப்போனது இந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். அவர் மீது குற்றமில்லை.

எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். பின்பாதியில் ஒரு காட்சி முதல் காட்சிக்கு ஈடானது: கம்பி வண்டியில் மோதிய பிறகு பேபி காலால் ஓடுகிற துரத்தல். கார் போய்விட்டது. பூங்கா, கடைத்தொகுதி, தெரு என்று மூச்சிரைக்க ஓடுகிறான். வண்டி ஒன்றைத் திருடப் பார்க்கிறான், முடியவில்லை. பாட்டு விட்டு விட்டு வெறிபிடித்து வருகிறது. கார் இல்லாத பேபி வெறும் பையன் என்பது அங்கே தெரிகிறது. படத்தில் நான் அவனுக்காகப் பயந்த ஒரே இடம் அதுதான்.

நல்லவனாகவே இருந்துகொண்டு கொள்ளையடிக்கும் நாயகன் என்பதில் எனக்குள்ள பிணக்கை நம் படம் ஒன்றை வைத்தே சொல்லிவிடுகிறேன். 2011-இல் வந்த ‘மங்காத்தா’வில் கிரிக்கெட் சூதாட்டப் பணத்தைக் கொள்ளையடிக்கிறவர்கள் யாரும் யோக்கியர்கள் இல்லை, நாயகன் உட்பட. பணம் என் பணம் என்ற வெறியைத் தவிர அவன் வேறு எதையும் காரணமாகச் சொல்வதில்லை, நம்மிடம் மன்னிப்பும் கேட்பதில்லை. அந்தப் படத்துக்கு வேறு குறைகள் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அது நேர்மையானது. பேபியோ கைக்கறை படாமல் எல்லாக் கொள்ளையிலும் இருக்கிறான். அவன் சுடவில்லை, மிரட்டவில்லை, ஓட்டினான், அவ்வளவுதான். வண்டி மட்டும்தான் ஓட்டினேன் என்ற வாதம் நம் சட்டத்தில் எடுபடாது. பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றத்தில், ஒவ்வொருவரும் தானே தனியாகச் செய்ததைப் போலப் பொறுப்பு என்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதையும் சொல்லிவைப்பேன். ஏற்றியது என்ன சரக்கு, ஏறியது எந்த ஆள் என்று கேட்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

அதனால்தான் முடிவைப் பற்றி எனக்கு உங்களிடமிருந்து மாறுபட்ட கருத்து. பேபி பாலத்தின் மீது வண்டியை நிறுத்தி, சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு, கையைத் தூக்கிச் சரணடைகிறான். 25 ஆண்டு தண்டனை, ஐந்தாண்டில் பரோலுக்கு வாய்ப்பு. இந்த வகைப் படங்களில் நாயகன் சூரியன் மறையும் திசையில் காரோட்டிப் போய்விடுவதுதான் வழக்கம். ரைட் அவனை நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். சரியான முடிவு. எடை வந்துவிட்ட கதைக்கு வேறு முடிவு பொய்யாகியிருக்கும். உங்களுக்குச் சப்பென்று பட்டதற்குக் காரணம் முடிவு என்ன என்பதில் இல்லை, அதைக் காட்டிய அவசரத்தில் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறுகிற ஒவ்வொருவரும் அவன் நல்ல பையன் என்றே சொல்கிறார்கள். கைப்பையைத் திருப்பிக் கொடுத்தவன், எச்சரித்துக் காப்பாற்றியவன், பண்பானவன். சுடப்பட்ட காவலாளியின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அந்த ஒரு சாட்சி கூண்டில் ஏறியிருந்தால் இந்தத் தண்டனைக்கு ஒரு கனம் கிடைத்திருக்கும். இப்போது இருப்பது தண்டனை போன்ற ஒரு பாராட்டுப் பத்திரம்.

இன்னொரு முறை பார்க்கிற எண்ணம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் சொந்த ஒலியில் பார்க்காமல் நல்ல ஹெட்போனில் பாருங்கள். பேபி ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தால் நமக்கும் பாட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் மெல்லிய கீச்சொலி ஒன்று எழும், அது அவன் காதிரைச்சல். முன்பாதியில் அதைக் கவனித்திருந்தால், கார் நிறுத்தும் கட்டடத்தில் ‘படி’ அவன் காதோரம் துப்பாக்கியை வெடிக்கும்போது உலகமே மங்கி அமுங்குவது தண்டனையாகவே கேட்கும். நீதிமன்றம் கொடுக்கத் தவறியதை அந்த ஒலி கொடுத்துவிடுகிறது. படத்தின் கடைசிப் பகுதியைக் கண்ணால் பார்த்தால் ஏமாற்றம். காதால் கேட்டால் அங்கேயும் வேலை நடந்திருக்கிறது.

கடைசியாக, கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். அடுத்து எதைப் பார்க்கலாம் என்றால், வால்டர் ஹில் இயக்கிய 1978-ஆம் ஆண்டுப் படமான ‘தி டிரைவர்’. ரைட் நன்றிக்கடன் பட்டிருப்பது இதற்குத்தான். பேபியின் நீதிமன்றக் காட்சியில் ஜோசஃபின் சைகையைக் குரலில் சொல்கிற மொழிபெயர்ப்பாளரின் குரல் வால்டர் ஹிலுடையது. அந்தப் படத்தில் யாருக்கும் பெயர்கூடக் கிடையாது. அதிலும் ஒரு கார் நிறுத்தும் கட்டடம் வருகிறது. நீ அவ்வளவு நல்ல ஓட்டுநரா என்று சந்தேகப்படும் கும்பலை அவர்களுடைய மெர்சிடிஸ் காரிலேயே ஏற்றிக்கொண்டு, தூண்களுக்கு நடுவே ஓட்டி, காரை அங்குலம் அங்குலமாக நொறுக்கிக் காட்டுகிறான் நாயகன். எந்தத் தூணில் எந்தக் கதவு உரசியது என்று உங்களால் சொல்ல முடியும்.